பின்கதவில் ஒரு கீறல்

அந்த லாரியின் நீளம் 21 சென்டிமீட்டர். தகரத்தில் செய்தது. முன்சக்கரம் ஒன்று இல்லை, முடுக்கும் சாவி இல்லை. பச்சைப் பெயிண்ட், அதன் மேல் மஞ்சள் பட்டை, பாடியின் இரண்டு பக்கமும் தாமரைப் பூ, கேபின் நெற்றியில் வெள்ளை எழுத்தில் ‘பாப்பா லாரி சர்வீஸ்’. அந்தப் பாப்பா நான்தான். எனக்கு இப்போது 48 வயது.

அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்டராக இருந்தவர். 1983ல், எனக்கு ஆறு வயதிருக்கும்போது, வீட்டில் கிடந்த பழைய பொம்மை லாரியைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மிச்சமிருந்த எனாமலில் நிஜ லாரி மாதிரியே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அது அவருடைய பொம்மை. 1951ல் மலாயாவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, பினாங்கில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் தாத்தா அவருக்கு வாங்கித் தந்தது. அப்பாவுக்கு அப்போது அஞ்சு வயசுகூட நிறையவில்லை. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம், அங்கிருந்து ரயிலில் கரூர், அப்புறம் மாட்டுவண்டி. எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இதே அளவுதான் சொல்வார்கள்.

போன வருஷம் அப்பா வீடு மாறினார். சாமான் கட்டும்போது போன் செய்தார். “பாப்பா, உன் லாரி துருப்பிடிச்சுப் போச்சும்மா. போட்டுரட்டுமா, நீ வச்சுக்கறியா?”

அடுத்த பஸ்ஸில் போய் எடுத்துவந்தேன். கிளம்பும்போது தொழில்காரராக யோசனையும் சொன்னார். “உப்புத்தாள் போட்டு மொத்தமாச் சுரண்டிரு. ரெட் ஆக்சைடு ஒரு கோட். காஞ்சதும் உனக்குப் புடிச்ச கலர அடி. ஒரு நாள் வேலை.”

அந்த ஒரு நாள் வேலை எனக்கு ஏழு மாதம் ஆனது.

*

பழைய பொம்மை லாரிகளைப் புதுப்பிக்கும் வீடியோக்கள் இணையத்தில் ஏராளம். பார்க்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. துருப்பிடித்த ஒரு லாரி வரும். ரிவெட்டை ரம்பத்தால் அறுப்பார்கள், மணல்வீச்சில் பெயிண்ட்டை உரிப்பார்கள், புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். இருபதே நிமிஷத்தில் கடையில் அன்றைக்கு வாங்கியது மாதிரி பளபளவென்று நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க லாரிகள். மின்னசோட்டா மாநிலத்தில் மவுண்ட் என்ற சிற்றூரில் தோட்டக் கருவிகள் செய்வதற்காக 1946ல் தொடங்கிய ஒரு பட்டறை, அடுத்த வருஷமே பொம்மை பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த மின்னடோன்கா ஏரியின் பெயரிலிருந்து ‘டோன்கா’ என்று பெயர் வைத்துக்கொண்டது. அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால், இலினாய் மாநிலத்தில் லாரிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ஒரு தொழிற்சாலை முதலாளி, தன் மகனுக்காகச் செய்த இரும்பு லாரியிலிருந்து பிறந்தது ‘படி எல்’. இரண்டுமே கனத்த எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்தவை. சுரண்டினாலும் தாங்கும். அதன் நிறம் என்பது மேலே அடித்த பெயிண்ட், அவ்வளவுதான். உரித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம்.

என் கையில் இருந்தது அந்த ஜாதி இல்லை. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்த ஒரு மூலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, கீழே சிவப்பும் கிரீம் நிறமும் தெரிந்தன. அதில் பொடிப்பொடியாக ஆணித் தலைகள், மரப்பலகையின் கோடுகள், கதவின் கைப்பிடி எல்லாம் வரைந்திருந்தது. அச்சு. தட்டையான தகட்டில் முதலில் படத்தை அச்சடித்துவிட்டு, அப்புறம்தான் வெட்டி வளைத்து லாரியாக்கியிருக்கிறார்கள். இந்த வகையில் நிறமும் உருவமும் ஒன்றுதான். அச்சுப் போய்விட்டால் கைப்பிடியும் போச்சு, பலகையும் போச்சு. மிஞ்சுவது வெறும் டப்பா.

நாம் தகரம் என்று சொல்வது மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. வாளி, கூரை ஷீட் இவற்றில் பூசியிருப்பது துத்தநாகம். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் குணம் நேர் எதிர். வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். தகரத்தில் கீறல் விழுந்தால் ஈரம் பட்டதும் இரும்புதான் முதலில் போகும். சுற்றியுள்ள வெள்ளீயம் அதை இன்னும் வேகப்படுத்தும். அதனால் தகரப் பொம்மையில் துரு கண்ட இடத்தில் வருவதில்லை. வெட்டிய விளிம்பில் வரும், மடித்த இடத்தில் வரும், கீறிய இடத்தில் வரும்.

என் லாரியில் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் துரு இருந்தது. அது நியாயம்தான். ஆனால் மிக மோசமான துரு வேறொரு இடத்தில் இருந்தது. பின்கதவின் நட்ட நடுவில், இரண்டு விரல் அகலத்துக்கு, அப்பாவின் பச்சைப் பெயிண்ட்டைக் கொப்புளம் மாதிரி தள்ளிக்கொண்டு எழும்பியிருந்தது. அங்கே விளிம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. அப்படியென்றால் கீறல்தான்.

*

இந்த மாதிரி பொம்மைகளில் ஆணியோ பற்றாசோ இருக்காது. ஒரு தகட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் காதுகள் விட்டு, அடுத்த தகட்டில் உள்ள துளையில் நுழைத்து, மடக்கிவிடுவார்கள். பிரிக்க வேண்டுமென்றால் அந்தக் காதை நிமிர்த்த வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது மறுபடி மடக்க வேண்டும். பழைய தகரம் இரண்டு முறை வளைந்தால் தாங்கும், மூன்றாவது முறை ஒடியும். கேபினில் ஆறு காதுகள் இருந்தன. தையல் மெஷின் எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்து, நோஸ் பிளையரால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஐந்து நிமிர்ந்தன. ஒன்று ஒடிந்தது. சத்தம்கூட இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எதையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஈரத்தோடு எடுங்கள், முகமூடியும் கையுறையும் போடுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் செய்யாதீர்கள். தகர அச்சை வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ ஊறப்போடவும் கூடாது. துருவோடு அச்சும் சேர்ந்து வந்துவிடும்.

கேபின் கூரையைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கம் துரு அவ்வளவாக இல்லை. ஆனால் வெறும் தகரமாகவும் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை, அதன் மேல் பாதியில் வெட்டுப்பட்ட சில எழுத்துகள், ஒரு பழத்தின் ஓரம் மாதிரி ஒரு வளைவு. லாரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது லாரி ஆவதற்கு முன்னால் வேறொன்றாக இருந்திருக்கிறது, அல்லது ஆக இருந்திருக்கிறது. ஏதோ ஒரு உணவு டப்பா.

போருக்குப் பிந்தைய ஜப்பானியப் பொம்மைகளில் இப்படி இருப்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1930களில் ஜப்பான் உலகத்தின் பெரிய பொம்மை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. சீனாவோடு நடந்த போர் நீண்டுகொண்டே போனதும் உலோகம் முழுக்க ராணுவத்துக்குத் திரும்பியது; தகரப் பொம்மைத் தொழில் நின்றது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. குண்டுவீச்சிலிருந்து தப்பி பிவா ஏரிக்கரை நகரமான ஓட்சுவுக்கு வந்திருந்த மாட்சுசோ கொசுகே என்ற பழைய பொம்மைக்காரர், ஆக்கிரமிப்புப் படையினர் காலி செய்து எறிந்த டப்பாக்களைச் சேகரித்தார். வெட்டி, தட்டி நிமிர்த்தி, அதே படையினர் ஓட்டிக்கொண்டு திரிந்த ஜீப்பைப் பொம்மையாகச் செய்தார். அந்த வருஷம் டிசம்பரில் கியோட்டோவின் ஒரு பெரிய கடையில் 10 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. சரணடைந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சோற்றுக்கே வழியில்லாத ஊரில் ஜனங்கள் பொம்மை வாங்கியிருக்கிறார்கள். எதிரி தின்றுவிட்டு எறிந்த டப்பாவில், எதிரியின் வண்டி.

தொழில் அங்கிருந்து மறுபடி எழுந்தது. 1947ல் தனியார் ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்தது. உணவும் பருத்தியும் இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். பொம்மை அதைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. வெளிநாடு போகும் பொருட்களில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று பொறிக்க வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது. பீங்கான் கோப்பை, சுண்டுவிரல் உயரப் பொம்மை, தகரக் கார் எல்லாவற்றிலும் தோற்ற நாடு தன் தோல்வியைத் தானே அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. 1952 ஏப்ரல் 28ல் ஆக்கிரமிப்பு முடிந்தது, அந்த வாசகமும் முடிந்தது. இன்றைக்குச் சேகரிப்பாளர்களுக்கு அந்த நாலைந்து வருஷ முத்திரை ஒரு பொக்கிஷம்.

தாத்தா இந்த லாரியை வாங்கியது 1951. முத்திரை இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் இல்லை, கதவில் இல்லை. மிச்சமிருந்தது பின்கதவு.

*

பின்கதவில் அப்பாவின் பெயிண்ட்டை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அதில் அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை, பச்சை மட்டும்தான். ஆனாலும் அது அவர் கை. கடைசியில் துரு முடிவெடுத்தது. கொப்புளத்தை அப்படியே விட்டால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் தகடு ஓட்டையாகிவிடும்.

தின்னர் தொட்டால் மேல் பெயிண்ட்டும் கீழ் அச்சும் சேர்ந்தே கரையும். ஆகவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கி, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். வார்னிஷ் பூசிய வழுவழுப்பான அச்சின் மேல் எனாமல் சரியாகப் பிடித்திருக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். ஒரு ராத்திரிக்குக் கால் விரல் நகம் அளவு வந்தது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதலில் ‘மேட்’. நாலாம் நாள் ‘ஆக்குபைடு’. அதற்குப் பக்கத்தில் துருவின் நடு.

அங்கே ‘ஜப்பான்’ இல்லை. முதல் எழுத்தின் தலையும் கடைசி எழுத்தின் ஒரு காலும் தெரிந்தன. இடையில் ஏழு கோடுகள். ஆணியோ கத்தி முனையோ கொண்டு, இடமிருந்து வலமாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, வெள்ளீயத்தைக் கிழித்து இரும்பு வரை இறங்கிய கோடுகள். மற்ற சொற்களின் மேல் ஒரு கோடுகூட இல்லை. துரு அந்தக் கோடுகளிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

*

தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டார். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ‘சயாமுக்குப் போயிட்டு வந்தவர்’. வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஒரு வரி கட்டாயம் வரும். காசிக்குப் போய் வந்தவர் என்கிற மாதிரியே சொல்வார்கள். சின்ன வயதில் அது ஏதோ நல்ல பயணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டங்கள் படுத்துவிட்டன. அரிசி இல்லை, வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் ராணுவம், சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்புசாயத் வரை 415 கிலோமீட்டருக்கு, காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட ஆரம்பித்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, ரேஷன் என்று சொல்லித் தோட்டத்து ஆட்களைத் திரட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் போனதாகக் கணக்கு. அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மழையிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் 1943 நடுவில் வந்த காலராவிலும் சுருண்டு விழுந்தார்கள். 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. பாதை முடிந்ததும் அனுப்பிவிடவில்லை. பழுதுபார்க்க, விறகு வெட்ட என்று பலரை 1945 வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுடைய கல்லறைகள் பெயரோடும் வயதோடும் வரிசையாக இருக்கின்றன. 1957ல் வந்த ஹாலிவுட் படமும் அவர்கள் கதைதான். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவர்களுக்கு மதிப்பீடு உண்டு, பட்டியல் கிடையாது. கணக்கு வைக்க அதிகாரிகள் இல்லை, எழுதி வைக்கப் பலருக்கு எழுத்து இல்லை.

தாத்தா திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற மாதிரி ஒரு குழித் தழும்பு இருந்ததாம். காட்டுப்புண். அந்தப் பாதையில் வேலை செய்த பலருக்கும் இருந்தது. ஜப்பான்காரர்கள் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டுகளைச் சம்பளமாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, போர் முடிந்த அன்றே அது வெறும் காகிதமானது. பாட்டி அதை அடுப்பெரிக்க எடுத்ததாகச் சொல்வார்.

அடுத்த வருஷம், 1946 கடைசியில், அப்பா பிறந்தார். இன்னும் அஞ்சு வருஷத்தில், சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய அந்த மனிதர் பினாங்கில் ஒரு கடை முன்னால் நின்று, மகனுக்கு ஒரு ஜப்பான் லாரி வாங்கியிருக்கிறார். போருக்கு முன் உலகத்தின் வெள்ளீயத்தில் பெரும் பங்கைத் தோண்டிய நிலம் அதே பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு. அங்கிருந்து மண்ணாகப் போனது, உலகம் முழுக்க டப்பாவாகவும் பொம்மையாகவும் சுற்றி வந்துகொண்டிருந்தது.

*

யார் கீறியது?

தாத்தாதான் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. அந்த ஆசையாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது. லாரியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

லென்ஸைக் கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது தெரியும். நான் பெயிண்ட் அடிக்கறப்பவே இங்க துரு இருந்துச்சு. பட்டி வச்சு மூடுனேன்.”

“எழுத்து இருந்ததப் பாத்தீங்களாப்பா?”

“இங்கிலீஷுல என்னமோ கிறுக்கல். யாரும்மா படிச்சா அதெல்லாம்?”

“தாத்தா கீறியிருப்பாரா?”

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய பத்திரங்களுக்கு நடுவே மடங்கிக் கிழிந்த ஒரு பயணச் சான்று. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை.

“எங்கப்பா கைநாட்டு. தமிழே படிக்கத் தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும், அந்த எழுத்துதான் சப்பான்னு?”

நியாயமான கேள்வி. அப்படியானால் கடைக்காரரா? மலாயாவில் ஜப்பான் பெயரைக் கேட்டாலே முகம் திருப்பியவர்கள் அன்று நிறையப் பேர். சீனர்கள் பட்டது அதைவிடக் கொடுமை. சரக்கு போக வேண்டுமென்று கடைக்காரர் ஊர்ப் பெயரை அழித்திருக்கலாம். அல்லது அப்பாவே, அஞ்சு வயதுப் பையனாக, விளையாட்டில்? கோடுகள் ஒரே சொல்லுக்குள் அடங்கி நேராக ஓடுகின்றன. குழந்தைக் கை அப்படி ஓடாது. கப்பலில் யாராவது படித்துச் சொல்லி, அப்புறம் தாத்தா ஆணியை எடுத்தாரா? படிக்கத் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா என்ன? முடியும். ஆனால் முடியும் என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல.

பெயர் இல்லாத தொண்ணூறாயிரம் பேரின் சரித்திரத்தில் ஒரு சின்ன எதிர்வினை, ஏழே கோட்டில், என் கையில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். எழுத எனக்கு உரிமை இல்லை. யாரோ ஒருவர், 1951க்குச் சற்று முன்போ பின்போ, இந்த லாரி இருக்கட்டும், அந்தப் பெயர் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். இவ்வளவுதான் தகரம் சொல்கிறது. எனக்கு இதுவே போதுமானதாகப் படுகிறது.

*

புதுப்பிப்பது என்றால் எந்த வருஷத்துக்குப் புதுப்பிப்பது? இந்தச் சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸின் வியோலே-லெ-டுக், ஒரு கட்டடத்தை அது எப்போதுமே இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்றார். இங்கிலாந்தின் ரஸ்கின், அது அழிவைவிட மோசமான பொய் என்றார். 1964ல் வெனிஸில் கூடிய கட்டடக் கலைஞர்களும் பாதுகாப்பு நிபுணர்களும் ஒரு சாசனம் எழுதினார்கள். அதன் மூன்று கருத்துகளை என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டிக்கொண்டேன். எல்லாக் காலத்தவரின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து அடையாளம் தெரிய வேண்டும்.

இது கட்டடத்துக்கு எழுதியது, பொம்மைக்கு இல்லைதான். ஆனால் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்து, ஆயிரம் வருஷக் கல்வெட்டின் எழுத்து மழுங்கிப்போன கோவில் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். கல் பளிச்சென்று ஆகிவிடும். அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் போய்விடும்.

என் லாரியில் குறைந்தது நாலு காலம் இருக்கிறது. உள்ளே டப்பா. அதன் மறுபக்கம் சிவப்பு ஜப்பான் லாரி. அதன் மேல் ஏழு கோடு. எல்லாவற்றுக்கும் மேலே நாமக்கல் லாரி. சிவப்பு லாரியை முழுசாகக் கொண்டுவந்தால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அதற்கு ‘பாப்பா லாரி சர்வீஸ்’ போக வேண்டும். அந்த விலைக்கு நான் தயாரில்லை.

ஆகவே கடைசியில் செய்தது ரொம்பக் கொஞ்சம். கேபின் உட்புறம் துடைத்து மெழுகு. அச்சுகளையும் அடித்தட்டையும் மட்டும் தனியாகக் கழற்றி, உதிரும் துருவை எடுத்து, டேனிக் அமிலம் தடவினேன். துரு அதோடு சேர்ந்து கருநீலமாகி உறைந்துவிடும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு வருவதும் இதே சங்கதிதான். பின்கதவில் அமிலம் வைக்கவில்லை. தளர்ந்த துருவை மட்டும் குச்சியால் எடுத்து, எண்ணெயைத் துடைத்து, மெல்லிசாக மெழுகு பூசினேன். ஏழு கோடும் அப்படியே. ஒடிந்த காதுக்குப் பதில் பித்தளைக் கம்பி வைத்தேன், தெரியட்டும் என்று.

மிச்சமிருந்தது அந்தக் கீறலைச் சுற்றி நான் உரித்துவிட்ட பச்சை. விளிம்பெல்லாம் பிசிறடித்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. “வேலைய இப்படியா வுடறது?” என்று பிரஷ்ஷை எடுத்தார். அந்த எழுத்துக்கும் கீறலுக்கும் மட்டும் அளவாக மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டினார். 78 வயது. கை லேசாக நடுங்குகிறது, பிரஷ் தகட்டைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. சுற்றிலும் ஓரம் கட்டி அடித்து முடித்தார். காய்ந்ததும் டேப்பை அவரே உரித்தார்.

“அதே பச்ச இப்ப வர்றதில்லம்மா. இது கொஞ்சம் எடுப்பாத் தெரியும், பரவால்லியா?”

பரவாயில்லை என்றேன்.